தட்டும் கட்டைவிரலும்

டிசம்பர்.
போட்ஸ்ஃபியோர்டில் சூரியன் வேலைக்கு வராத மாதம்.
மீன் ஆலையின் குழல்விளக்குகள்தாம் பகல்.

இரவுப் பணி முடிய நாற்பது நிமிடம் இருக்கையில்
டைவாவின் கையுறையைத் துளைத்துக்கொண்டு
கட்டைவிரலில் இறங்கியது
காட் மீனின் விலா முள்.
லிதுவேனிய மொழியில் ஒரு வசவு,
குழாய்த் தண்ணீர், நீலப் பிளாஸ்டர்,
மறுபடி கத்தி.
வரிசை நிற்கவில்லை.

என் வேலை வேறு. நான் கிருமி எண்ணுகிறவன்.
அந்த முள்ளை இடுக்கியால் எடுத்து
தட்டில் உறைந்திருந்த கூழின்மேல்
ஒரு கோடு இழுத்தேன்.
மூடியில் எழுதினேன்: வரிசை 3, 5.20.
வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

ஒரே முள். இரண்டு நிலங்கள்.

தட்டில் கேட்பார் யாருமில்லை.
ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக,
மறுநாள் காலை ஊசிமுனை வெண்மை,
மாலையில் தெருக்கள்,
அதற்கடுத்த நாள்
கோடு முழுக்க ஒரு மாநகரம்,
அதற்கென்று ஒரு வாடை.

விரலில் ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.
தோல் கிழிந்த இடத்துக்குக் கீழேயே,
பிறந்த நாள் முதலாய்,
சும்மா இருப்பதுபோல் இருந்தவர்கள்.
எந்த ஊர், என்ன பேர்,
முன்னே வந்ததுண்டா என்றெல்லாம் கேட்பதில்லை.
வந்தவனின் மேலுறையைத் தடவிப் பார்ப்பார்கள்:
நம் வீட்டில் இப்படிச் சுவர் கிடையாது.
அவ்வளவுதான் விசாரணை.

பிறகு கூப்பாடு.
மயிரிழைக் குழாய்கள் தையல் நெகிழ்ந்து
நீர் கசிய விட்டன.
ஓய்வறையில் டைவா காப்பிக் கோப்பைக்கு மேலே
விரலைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.
சிவந்து, சூடாகி,
இதயம் அங்கே குடிபெயர்ந்ததுபோல் துடித்தது.
"கெட்டுப்போச்சோ?" என்றாள்.
இல்லை, வேலை நடக்கிறது என்றேன்.
நம்பாமல் பார்த்தாள்.

எலும்புக்குள் பிறந்து
ஒரு நாளோ இரண்டு நாளோ ஆயுள் வாங்கி வந்த வெள்ளணுக்கள்
ரத்தத்தில் உருண்டு வருகின்றன.
சுவரைப் பற்றி, வேகம் குறைந்து,
தம் உடம்பைவிடச் சிறிய இடுக்கில்
தம்மையே பிழிந்து வெளியேறுகின்றன.
விழுங்குகின்றன. மறுபடி விழுங்குகின்றன.
விழுங்கி முடியாதபோது சில,
கருவுக்குள் சுருட்டி வைத்திருந்த
இழையையெல்லாம் பிரித்து
வலையாக வீசிவிட்டு
அந்த வலையிலேயே சாகின்றன.

வலை வீசும் ஊர்தான் இது.
ஹால்வார் நாற்பது வருடமாய் வீசுகிறார்,
இழுக்கிறார், வீட்டுக்குப் போய்
முதுகுவலிக்கு மருந்து தடவிக்கொள்கிறார்.
தானே வலையாகிப்போன மீனவனை
நான் துறைமுகத்தில் கண்டதில்லை.

மூன்றாம் நாள், கடுகளவு சீழ்.
அழுத்தித் துடைத்து
காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.
எண்ணுவது என் தொழில்.
அதை நான் எண்ணவில்லை.

முகம் நினைவில் வைத்துக்கொள்ளும் படை ஒன்றும்
உடம்பில் உண்டு.
அது ஆளெடுத்து, பயிற்சி கொடுத்து,
கிளம்பிவர ஒரு வாரமாவது ஆகும்.
இந்த முறை அது செருப்பு மாட்டுவதற்குள்
பெருவிழுங்கிகள் வந்து
இறந்தவர்களைத் தின்று
தரையைத் துடைத்துவிட்டிருந்தன.

தட்டை நீராவியில் அவித்தேன்.
நூற்று இருபத்தோரு டிகிரி, இருபது நிமிடம்.
விரலுக்கு அவ்வளவு நெருப்பு தேவைப்படவில்லை.

என் படிவத்தில்
வளர்ந்ததை எழுதக் கட்டம் இருக்கிறது.
வளராததற்குக் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை, சன்னலோரம்,
பானவேஜிஸில் இருக்கும் மகளோடு
டைவா பேசிக்கொண்டிருந்தாள்.
மகள் வாரச் செய்தி கேட்டிருப்பாள் போல.
பிளாஸ்டர் இல்லாத கட்டைவிரலால்
கண்ணாடிப் பனியைத் துடைத்தபடி
அவள் சொன்னது,
எனக்குத் தெரிந்த ஒரே லிதுவேனியச் சொல்:

நியெகோ.
ஒன்றுமில்லை.